ஓல்ட்ஸ்மொபைல்: ஏணியின் நடுப்படி உடைந்த விதம்

1977-ஆம் ஆண்டின் தொடக்கம். சிகாகோவைச் சேர்ந்த ஒருவர், புதிதாக வாங்கிய தன் ஓல்ட்ஸ்மொபைல் டெல்டா 88 காரை மெக்கானிக்கிடம் விட்டிருந்தார். ஓல்ட்ஸ்மொபைல் 350 இன்ஜினுக்கென்று வாங்கிய ஃபேன் பெல்ட் அதில் பொருந்தவில்லை. ஆயில் ஃபில்டரும் பொருந்தவில்லை. உதிரிகளில் குறையில்லை, அவை அசல்தான். பானட்டுக்குள் இருந்த இன்ஜின்தான் ஓல்ட்ஸ்மொபைலுடையது அல்ல. அது ஷெவர்லே இன்ஜின்.

ஓல்ட்ஸ்மொபைல், ஷெவர்லே இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸின் (ஜி.எம்.) பிராண்டுகள். இரண்டு இன்ஜின்களும் 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர் வி8 (‘V’ வடிவில் எட்டு சிலிண்டர்கள்). நிறுவனத்தைப் பொறுத்தவரை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பொருத்தியது ஒரு உற்பத்தி முடிவு. ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்குத் தேவை எகிறியிருந்தது, அதன் இன்ஜின் ஆலையால் ஈடுகொடுக்க முடியவில்லை, ஷெவர்லேயிடம் இன்ஜின் இருந்தது, எடுத்துப் போட்டார்கள். ஆனால் வாங்கியவர் அப்படிப் பார்க்கவில்லை. ‘ராக்கெட்’ இன்ஜின் என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக விளம்பரம் செய்து, அதற்காகவே ஷெவர்லேயைவிடக் கூடுதல் விலை வாங்கிவிட்டு, உள்ளே ஷெவர்லேயை வைத்தால் அதற்கு என்ன பெயர்? இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரல் வில்லியம் ஸ்காட் வழக்குப் போட்டார். மற்ற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. கடைசியில் பாதிக்கப்பட்ட உரிமையாளர்களுக்கு 200 டாலரும் நீட்டித்த வாரண்டியும் தர ஜி.எம். ஒப்புக்கொண்டது. அதன் பிறகு அந்நிறுவனத்தின் விளம்பரங்களின் அடியில் ஒரு வரி நிரந்தரமாக ஏறியது: இந்தக் கார்களில் ஜி.எம்.மின் வெவ்வேறு பிரிவுகள் தயாரித்த இன்ஜின்கள் பொருத்தப்பட்டிருக்கலாம்.

ஓல்ட்ஸ்மொபைலின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக 1988-இல் வந்த ஒரு விளம்பர வாசகத்தையோ, அதற்கு முந்தைய டீசல் இன்ஜினையோ குற்றவாளியாக நிறுத்துவார்கள். இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்த நிறுவனத்தின் வரலாற்றைத் தொடர்ந்து படித்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது வேறு. அந்தப் பெல்ட் பொருந்தாமல் போன ஆண்டில்தான் ஓல்ட்ஸ்மொபைல் முதல்முறையாக 10 லட்சம் கார்களைத் தாண்டியது. அமெரிக்காவில் அதுவரை ஷெவர்லேயும் ஃபோர்டும் மட்டுமே தொட்டிருந்த எண்ணிக்கை அது. விற்பனை உச்சத்தில் இருந்தபோதே, அந்த விற்பனைக்குக் காரணமாக இருந்த பொருளைத் தாய் நிறுவனம் கைவிடத் தொடங்கிவிட்டது. மற்றதெல்லாம் அதன் பின்விளைவுகள்.

லான்சிங்கில் தொடங்கியது

ரான்சம் எலி ஓல்ட்ஸ், மிஷிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் அப்பாவின் இன்ஜின் பட்டறையில் வளர்ந்தவர். 1897 ஆகஸ்ட் 21 அன்று அங்கேயே மோட்டார் வாகன நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஹென்றி ஃபோர்டு தன் பெயரில் நிலைத்த நிறுவனத்தைத் தொடங்குவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு. 1899-இல் சாமுவேல் ஸ்மித் என்ற முதலீட்டாளர் பணம் போட, ஆலை டெட்ராய்ட்டுக்கு மாறியது.

1901 மார்ச் 9 அன்று அந்த ஆலை தீப்பற்றி எரிந்தது. பல வகைக் கார்களைச் சோதித்துக்கொண்டிருந்த நிறுவனம், அதன்பின் ஒரே சிறிய காரில் முழு பலத்தையும் இறக்கியது. முன்பலகை பனிச்சறுக்கு வண்டியைப் போல வளைந்திருந்ததால் ‘கர்வ்டு டேஷ்’ என்று பெயர் பெற்ற அந்தக் காருக்கு ஒற்றை சிலிண்டர், விலை 650 டாலர். பாகங்களை வெளியாரிடம் வாங்கினார்கள்: கியர்பெட்டிகள் டாட்ஜ் சகோதரர்களிடமிருந்து, இன்ஜின்கள் ஹென்றி லேலண்டின் பட்டறையிலிருந்து. பின்னாளில் டாட்ஜ் என்றும் காடிலாக் என்றும் அமெரிக்கா அறிந்த பெயர்களுக்குப் பின்னால் இருந்த கைகள் இவை. 1901-இல் 425 கார்கள். 1904-இல் 5,000-க்கும் மேல். பாகங்களை வரிசையாக வைத்துப் படிப்படியாகப் பூட்டும் முறையில் எண்ணிக்கையாகத் தயாரான முதல் அமெரிக்கக் கார் இதுதான். நகரும் பெல்ட்டை ஃபோர்டு 1913-இல் கொண்டுவந்தார். அந்தப் புகழ் அவருக்கு நியாயமாகச் சேர்ந்தது. ஆனால் காரை எண்ணிக்கையாகச் செய்யலாம் என்ற எண்ணத்தை நடத்திக்காட்டியவர் ஓல்ட்ஸ்.

அவர் தன் பெயர் கொண்ட நிறுவனத்தில் நீடிக்கவில்லை. ஸ்மித்தின் மகன் ஃபிரெடரிக், பெரிய, விலையுயர்ந்த கார்கள் வேண்டும் என்றார். மலிவான சிறிய கார் போதும் என்றார் ஓல்ட்ஸ். 1904-இல் வெளியேறி, தன் பெயரின் முதலெழுத்துகளில் ‘ரியோ’ என்று வேறு நிறுவனம் தொடங்கினார். பெரிய கார்களுக்குப் போன பழைய நிறுவனம் தடுமாறியது. 1908 நவம்பரில் வில்லியம் டூரன்ட் அதை வாங்கி, புதிதாகத் தொடங்கியிருந்த ஜெனரல் மோட்டார்ஸில் சேர்த்துக்கொண்டார். அதற்கு முன்பே ஆலை லான்சிங்குக்குத் திரும்பிவிட்டது. அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அந்த ஊரை விட்டு நகரவில்லை.

ஸ்லோனின் ஏணி

1923-இல் ஜி.எம். தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன் பெற்றது ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட பிராண்டுகளின் குவியல். அவர் அவற்றை விலைப்படி அடுக்கினார். அடியில் ஷெவர்லே, அதற்கு மேல் 1926 முதல் பாண்டியாக், நடுவில் ஓல்ட்ஸ்மொபைல், அடுத்து ப்யூக், உச்சியில் காடிலாக். எந்தப் பணப்பைக்கும் எந்தத் தேவைக்கும் ஒரு கார் என்பது அவர் கொள்கை. ஒரு குடும்பத்தின் வருமானம் ஏற ஏற, அது ஜி.எம்.மை விட்டு வெளியே போகாமல் ஒரு படி மேலே ஏறும். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகப் பதவி உயர்ந்தவர் ஷெவர்லேயிலிருந்து ஓல்ட்ஸ்மொபைலுக்கு வருவார். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்கும் காரைப் பார்த்தே அதைத் தெரிந்துகொள்வார்.

இந்த ஏணி நிற்க ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு படியும் மற்ற படியிலிருந்து உண்மையிலேயே வேறாக இருக்க வேண்டும். ஸ்லோனின் அமைப்பில் அது இயல்பாகவே நடந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி பொது மேலாளர், தனி தலைமைப் பொறியாளர், தனி இன்ஜின், தனி ஆலை. பாடியின் அடிப்படை வார்ப்புகளைப் பகிர்ந்துகொண்டார்கள், இன்ஜினைப் பகிர்ந்துகொள்ளவில்லை. லான்சிங்கில் இருந்தவர்களுக்கு ஃபோர்டைவிட, அதே நிறுவனத்தின் ப்யூக் ஆட்கள்தான் நேரடிப் போட்டி.

நடுப்படிக்கு மட்டும் ஒரு சிக்கல் எப்போதும் இருந்தது. ஷெவர்லேக்கு மலிவு என்ற அடையாளம் உண்டு. காடிலாக்குக்கு ஆடம்பரம். நடுவில் இருப்பவனுக்கு என்ன? ஓல்ட்ஸ்மொபைல் அதற்குக் கண்ட விடை பொறியியல். புதிய தொழில்நுட்பத்தை முதலில் இறக்கும் இடமாக அந்தப் பிரிவு மாறியது. ஜி.எம்.முக்கும் அது வசதி. புதிய கருவி சொதப்பினால் காடிலாக்கின் பெயர் கெடாது. வெற்றி பெற்றால் செலவை ஈடுகட்டும் அளவுக்கு இங்கே எண்ணிக்கை உண்டு.

1940 மாடலில் வந்த ஹைட்ராமேட்டிக் அப்படித்தான் வந்தது. கிளட்ச் மிதி இல்லாத, முழுமையாகத் தானே மாறும் கியர்பெட்டி. பெருமளவில் தயாரான முதல் ஆட்டோமேட்டிக் அதுதான். கூடுதல் விலை 57 டாலர். காடிலாக்குக்கு அது அடுத்த ஆண்டுதான் போனது. இன்று உலகெங்கும் நெரிசலில் ஆட்டோமேட்டிக் ஓட்டுகிற ஒவ்வொருவரும் லான்சிங்கின் அந்த முடிவுக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள் என்று நான் நினைப்பதுண்டு.

அடுத்தது 1949. சார்லஸ் கெட்டரிங் ஜி.எம். ஆய்வகத்தில் உயர் அழுத்த இன்ஜின்களைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்து வந்திருந்தார். அதைத் தொழிற்சாலைக்கு ஏற்ற வடிவமாக்கியது ஓல்ட்ஸ்மொபைல்: வால்வுகள் மேலே அமைந்த 303 கன அங்குல வி8, 135 குதிரைத்திறன், பெயர் ராக்கெட். முதலில் பெரிய 98 மாடலுக்கென்றுதான் அது செய்யப்பட்டது. பிறகு அதைச் சிறிய, எடை குறைந்த பாடியில் இறக்கினார்கள். அதுதான் ராக்கெட் 88. பெரிய இன்ஜின், லேசான கார் என்ற இந்தச் சூத்திரத்தை மற்றவர்கள் பதினைந்து ஆண்டு கழித்துத் ‘தசைக் கார்’ என்று கொண்டாடினார்கள். 1949-இல் அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் முதல்முறையாக நடத்திய சாதாரண உற்பத்திக் கார்களுக்கான பந்தயத் தொடரில் மொத்தம் எட்டுப் போட்டிகள். ஐந்தில் ஓல்ட்ஸ்மொபைல் வென்றது. தொடரின் சாம்பியன் ரெட் பைரனும் அதையே ஓட்டினார். மறு ஆண்டு மெக்சிகோவின் முனைக்கு முனை ஓடும் கரேரா பானமெரிக்கானா சாலைப் பந்தயத்தையும் ஒரு 88 வென்றது. அதை ஓட்டிய ஹெர்ஷல் மெக்ரிஃபுக்கு அப்போது வயது இருபத்து இரண்டு.

1962-இல் ஜெட்ஃபயர்: காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போசார்ஜர் பொருத்திய முதல் உற்பத்திக் கார்களில் ஒன்று. எரிபொருள் நேரம் தவறி எரிந்து இன்ஜின் தட்டாமலிருக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த திரவத்தை ஒரு தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். இரண்டே ஆண்டில் நின்றுபோனது. 1966-இல் டொரனாடோ: 7 லிட்டர், 385 குதிரைத்திறன், அத்தனையும் முன் சக்கரங்களுக்கு. 1937-இல் கார்டு (Cord) என்ற கார் நின்றபின் அமெரிக்காவில் முன்சக்கர இயக்கம் கொண்ட கார் எதுவும் வரவில்லை. இவ்வளவு திறனை முன்சக்கரத்துக்குக் கொடுக்க முடியாது என்று பொறியாளர்கள் நம்பியிருந்த காலம் அது. இன்ஜினின் பக்கவாட்டில் கியர்பெட்டியைத் திருப்பி வைத்து, இரண்டையும் சங்கிலியால் இணைத்துச் செய்துகாட்டினார்கள். வணிக ரீதியில் அது அவசியமான கார் அல்ல. ஆனால் லான்சிங்கில் எப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் பிறகு, மக்கள் கூட்டமாக வந்து வாங்கியது கட்லஸ் என்ற சாதுவான நடுத்தரக் காரை. 1976-இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் கட்லஸ்தான். ஷெவர்லேயைவிடக் கொஞ்சம் கூடுதல் மாதத் தவணையில், பணக்காரர் என்று காட்டிக்கொள்ளாமல், நன்றாக வாழ்கிறோம் என்று காட்டும் கார். ஸ்லோன் 1920-களில் வரைந்த வாடிக்கையாளர் அப்படியே உயிரோடு எழுந்து ஷோரூமுக்கு வந்ததைப் போல இருந்தது.

டீசல்

1973-இன் எண்ணெய்த் தடைக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் 1975-இல் மைலேஜ் சட்டம் கொண்டுவந்தது. ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1978-இல் காலனுக்கு 18 மைல் இருக்க வேண்டும், 1985-இல் 27.5. பெரிய கார்களை விற்றுப் பிழைத்த ஜி.எம்.முக்கு இது வாழ்வா சாவா கேள்வி. பெரிய கார்களையும் விடக்கூடாது, மைலேஜும் வேண்டும். டீசலுக்குப் போகலாம் என்று முடிவானது. செய்யும் வேலை, வழக்கம்போல, ஓல்ட்ஸ்மொபைலிடம் வந்தது.

1978 மாடலில் அந்த இன்ஜின் வெளியானது. 5.7 லிட்டர் டீசல் வி8. ஒரு பெட்ரோல் இன்ஜினை அப்படியே டீசலாக மாற்றிவிட்டார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். அது சரியல்ல. பிளாக்கின் வார்ப்பு கனமானது, பொருளும் உறுதியானது. அதனால்தான் பின்னாளில் பந்தயக்காரர்கள் பழைய டீசல் பிளாக்குகளைத் தேடி வாங்கி, அதில் பெட்ரோல் இன்ஜின் கட்டினார்கள். தவறு நடந்த இடம் குறிப்பானது. இருக்கிற இயந்திரங்களிலேயே துளையிட வசதியாக, பெட்ரோல் இன்ஜினின் ஹெட் போல்ட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை பிளாக்கோடு இறுக்கும் போல்ட்) எண்ணிக்கையையும் இடத்தையும் மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். டீசலின் அழுத்த விகிதமோ 22-க்கும் மேல், பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். போல்ட்டுகள் நீண்டன, உடைந்தன. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போனது. குளிர்நீர் சிலிண்டருக்குள் இறங்கியது. தண்ணீரை அழுத்த முடியாது என்பதால் பிஸ்டனும் அதோடு இணைந்த கம்பியும் சேர்ந்து நொறுங்கின.

இரண்டாவது தவறு இன்னும் வருத்தமானது. டீசலில் தண்ணீர் கலந்திருப்பது அப்போது அமெரிக்க பங்க்குகளில் சாதாரணம். அதைப் பிரித்தெடுக்கும் வாட்டர் செபரேட்டரைச் செலவு மிச்சம் என்று வைக்காமல் விட்டார்கள். தண்ணீர் நுழைந்து டீசல் பம்ப் துருப்பிடித்தது. தண்ணீரைப் போக்கலாம் என்று சில உரிமையாளர்கள் பெட்ரோல் காருக்கான ஆல்கஹால் கலவையைத் தொட்டியில் ஊற்ற, அது பம்பின் சீல்களைத் தின்றது. டீலர்களின் மெக்கானிக்குகளுக்கு டீசல் பயிற்சி போதவில்லை. பழுதான ஹெட்டைக் கழற்றி, நீண்டுபோன அதே பழைய போல்ட்டை மறுபடி முறுக்கி அனுப்பினார்கள். வண்டி திரும்பவும் அதே கோளாறோடு வந்தது.

இந்த இன்ஜின் காடிலாக்கிலும் ப்யூக்கிலும் போனது. ஆனால் செய்தவர் பெயர் ஓல்ட்ஸ்மொபைல். கூட்டு வழக்குகள் வந்தன. பழுதான காருக்கு மாற்று கேட்கும் உரிமையைத் தரும் மாநிலச் சட்டங்கள் அந்த ஆண்டுகளில் பரவ, இந்த டீசல் ஒரு முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. 1981-இல் சில மாற்றங்களுடன் பிளாக்கை வலுப்படுத்தினார்கள். இன்ஜின் தேறியும் வந்தது. ஆனால் பெயர் தேறவில்லை. 1985-உடன் நின்றது. ஜெட்ஃபயர் தோற்றபோது லான்சிங் ஒரு துணிச்சலான முயற்சியில் தோற்றது. டீசலில் தோற்றது செலவுக் கணக்கால். பொறியியலை நம்பி வந்த வாடிக்கையாளருக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்தது.

நான்கு கார்கள், ஒரே முகம்

விசித்திரம் என்னவென்றால், விற்பனை இன்னும் விழவில்லை. 1984, 1985 ஆண்டுகளிலும் 10 லட்சத்தைத் தாண்டியது. ஆகவே லான்சிங்கில் அபாய மணியை அடிக்கக் காரணம் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஆனால் உள்ளே ஏணி கரைந்துகொண்டிருந்தது. 1982 மாடலாக வந்த கட்லஸ் சியரா, ஷெவர்லே செலிபிரிட்டி, பாண்டியாக் 6000, ப்யூக் செஞ்சுரி ஆகிய நான்கும் ஒரே அடித்தளம், ஒரே கதவுகள், ஏறத்தாழ ஒரே இன்ஜின்கள். 1983 ஆகஸ்டில் ஃபார்ச்சூன் பத்திரிகை இந்த நான்கையும் ஒரே அடர் சிவப்பு நிறத்தில் அருகருகே நிறுத்தி அட்டையில் போட்டது. எது எது என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. மறு ஆண்டு, ஜி.எம். தலைவர் ரோஜர் ஸ்மித், பிரிவுகளின் பொறியியலையும் ஆலைகளையும் இரண்டு பெரிய குழுக்களாக இணைத்தார். ப்யூக், ஓல்ட்ஸ்மொபைல், காடிலாக் மூன்றும் ஒரே குழு. லான்சிங்கின் தலைமைப் பொறியாளர் என்பவர் அதன்பின் பழைய அர்த்தத்தில் இல்லை. 1977-இல் அவசரத்துக்கு நடந்த இன்ஜின் மாற்றம், 1984-இல் நிறுவனத்தின் அமைப்பாகவே ஆகிவிட்டது.

கட்லஸ் என்ற நல்ல பெயரையும் அள்ளி இறைத்தார்கள். கட்லஸ் சுப்ரீம், கட்லஸ் சியரா, கட்லஸ் கலே என்று மூன்று வெவ்வேறு அடித்தளக் கார்கள் ஒரே ஷோரூமில் ஒரே பெயரில் நின்றன. வாங்க வந்தவர் ‘கட்லஸ்’ என்றால், எந்தக் கட்லஸ் என்று விற்பனையாளர் கேட்க வேண்டியிருந்தது. 1986-இல் டொரனாடோவைச் சுருக்கியபோது, மலிவான சிறிய கார்களிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாமல் விற்பனை முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே போனது.

இதற்கிடையில் ஹோண்டா 1982 முதல் ஒஹையோவின் மேரிஸ்வில்லில் அக்கார்டு காரைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஃபோர்டு 1985 டிசம்பரில் டாரஸ் காரைக் கொண்டுவந்தது. குடும்பங்கள் நான்கு கதவுக் கார்களுக்கு மாறியிருந்த அந்த நேரத்தில், ஜி.எம். பெருஞ்செலவில் உருவாக்கிய புதிய கட்லஸ் சுப்ரீம் 1988-இல் இரண்டு கதவுகளுடன் மட்டும் வந்தது. நான்கு கதவு வருவதற்கு 1990 ஆயிற்று. கட்லஸ் வாங்கியிருக்க வேண்டிய மகனும் மகளும் அதற்குள் அக்கார்டில் இருந்தார்கள். 1989-இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் அக்கார்டு. 1976-இல் கட்லஸ் இருந்த இடம் அது.

இந்தச் சூழலில்தான் அந்த விளம்பரம் வந்தது. லியோ பர்னெட் விளம்பர நிறுவனம் 1988-இல் தயாரித்தது: “இது உங்கள் அப்பாவின் ஓல்ட்ஸ்மொபைல் அல்ல.” புகழ்பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளோடு தோன்றினார்கள், ‘ஸ்டார் ட்ரெக்’ நடிகர் வில்லியம் ஷாட்னர் வந்தார், பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரிங்கோ ஸ்டார் வந்தார். வாசகம் நாடு முழுக்கப் பழமொழியாகிவிட்டது. விற்பனை சரிந்தது. 1990-இல் சுமார் 5 லட்சம்.

விளம்பரத்தை மட்டும் பழிப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. வாசகத்தில் ஒரு வாக்குறுதி இருந்தது. அதை நம்பி உள்ளே போன இளைஞர் கண்டது அப்பாவின் அதே கார்தான். ப்யூக் கடையிலும் பாண்டியாக் கடையிலும் நின்றதும் அதேதான். வாக்குறுதிக்கு ஏற்ற கார் 1988-இல் லான்சிங்கிடம் இல்லை. இருந்த ஒரே உறுதியான சொத்து, அந்த அப்பா. மூன்று முறை, நான்கு முறை தொடர்ந்து ஓல்ட்ஸ்மொபைலே வாங்கியவர். அவருடைய ரசனை வெட்கப்பட வேண்டியது என்று அவர் காதிலேயே சொன்னார்கள். அவருக்கும் ப்யூக் கடைக்கு வழி தெரியும்.

பெயர் மறைத்த கார்

1992-இல் ஓல்ட்ஸ்மொபைல் மூடப்படும் என்று வதந்தி பலமாகப் பரவியது. அந்த ஆண்டு பொது மேலாளராக வந்த ஜான் ராக் அதை எதிர்த்து நின்றார். அவர் போட்ட திட்டம் தெளிவானது: ஏணியை மறந்துவிடு, வெளிநாட்டுக் கார்களை எதிர்கொள், பேரம் இல்லாத விலை, டீலர்களுக்குப் புதிய பயிற்சி. அதன் முதல் விளைச்சல் 1995 மாடலாக வந்த அரோரா.

அரோரா நல்ல கார். ஜி.எம். பத்து ஆண்டுகளாகச் செய்யாத அளவுக்கு இறுக்கமான பாடி, காடிலாக்கின் நார்த்ஸ்டார் இன்ஜினிலிருந்து எடுத்து லான்சிங் தனக்கென்று வடித்த 4 லிட்டர் வி8, 250 குதிரைத்திறன், விலை 31,000 டாலரை ஒட்டி. பழைய லான்சிங்கின் கை அதில் தெரிந்தது. அதே 1995-இல், செயற்கைக்கோள் வழிகாட்டியை அமெரிக்காவில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் எய்ட்டி எய்ட் (88) மாடல்தான். கடைசிவரை புதியதை முதலில் செய்யும் பழக்கம் போகவில்லை.

ஆனால் அரோராவின் வெளிப்புறத்தில் ஓல்ட்ஸ்மொபைல் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. பெயர் இருந்தால் வாங்க மாட்டார்கள் என்று நிறுவனமே நினைத்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இது. தொண்ணூற்றெட்டு ஆண்டு உழைத்துச் சேர்த்த பெயர், அதன் சிறந்த காரிலேயே ஒளிக்க வேண்டிய பொருளாகிவிட்டது. பிறகு வந்த இன்ட்ரிக், அலேரோ இரண்டும் தகுதியான கார்கள். கட்லஸ், 88, 98 என்று மக்கள் அறிந்த பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. பழைய வாடிக்கையாளருக்குத் தெரிந்த கார் எதுவும் கடையில் இல்லை. புதியவர் லெக்சஸை விட்டு இங்கே வர வலுவான காரணமும் இல்லை. 2000-இல் விற்றவை 3 லட்சத்துக்கும் குறைவு.

மூடும் செலவு

2000 டிசம்பர் 12 அன்று, ஓல்ட்ஸ்மொபைலைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக ஜி.எம். அறிவித்தது. 2004 ஏப்ரல் 29 அன்று லான்சிங் ஆலையில் கடைசி அலேரோ வரிசையை விட்டு இறங்கியது. தொழிலாளர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். 107 ஆண்டுகளில் மொத்தம் 3.5 கோடிக்கும் சற்று அதிகமான கார்கள்.

அறிவிப்புக்கும் கடைசிக் காருக்கும் இடையே ஏறத்தாழ மூன்றரை ஆண்டு ஏன்? அமெரிக்காவில் ஜி.எம். போன்ற பழைய கார் நிறுவனங்கள் தங்கள் கார்களைத் தாங்களே விற்பதில்லை. உள்ளூர்த் தொழில்முனைவோரான டீலர்கள் விற்கிறார்கள். ஒப்பந்தத்தை நிறுவனம் ஒருதலையாக முறிக்காதபடி மாநிலச் சட்டங்கள் அவர்களைக் காக்கின்றன. ஓல்ட்ஸ்மொபைலுக்கு அப்போது சுமார் 2,800 டீலர்கள். பெரும்பாலோர் மற்ற ஜி.எம். பிராண்டுகளையும் சேர்த்து விற்றவர்கள். ஆனாலும் புதிய லோகோவுக்கும் புதிய ஷோரூமுக்கும், ஜி.எம். சொன்னதை நம்பிச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கைக்காசு போட்டிருந்தார்கள். அவர்களோடு தனித்தனியே பேசித் தீர்க்க ஜி.எம்.முக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் ஆனது. சிலர் நீதிமன்றமும் போனார்கள்.

ஏன் ப்யூக்கை மூடவில்லை என்ற கேள்வி இங்கே வரும். அதன் வாடிக்கையாளர்களும் வயதானவர்கள்தான், கார்களும் ஏறத்தாழ அவையேதான். ஆனால் ப்யூக்குக்கு வேறொரு நாடு கிடைத்திருந்தது. ஜி.எம். ஷாங்காயில் சீனக் கூட்டாளியோடு சேர்ந்து ப்யூக் கார்களைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. விரைவிலேயே சீனா ப்யூக்கின் மிகப்பெரிய சந்தையானது. ஓல்ட்ஸ்மொபைலுக்கு அமெரிக்காவை விட்டால் போக்கிடம் இல்லை.

அந்த நூறு கோடிக்கு இன்னொரு விளைவும் இருந்தது. அடுத்த பிராண்டைத் தொட ஜி.எம். தயங்கியது. எட்டு பிராண்டுகளுக்குப் போதிய பணம் இல்லாமலேயே 2000-களை ஓட்டியது. புதிய மாடல்களுக்கான முதலீட்டை எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டது. 2009 ஏப்ரல் 27 அன்று பாண்டியாக் நிறுத்தப்படும் என்று அறிவித்தபோது நிறுவனம் அரசின் கடனில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ஜூன் 1 அன்று திவால் பாதுகாப்பு கோரியது. மாநிலச் சட்டங்கள் காத்த டீலர் ஒப்பந்தங்களைத் திவால் நீதிமன்றத்தில் ரத்து செய்ய முடியும் என்பதால், பாண்டியாக் டீலர்களுக்கு ஓல்ட்ஸ்மொபைல்காரர்களைப் போல நின்று பேரம் பேச இடம் இருக்கவில்லை. கொடுத்த தொகைக்குக் கையெழுத்துப் போட்டு, இருந்த கார்களை விற்று முடித்துக் கடையைச் சாத்தினார்கள்.